ஃபுல் அயர்ன்மேன் ட்ரெய்னிங்: வேலை, ரெண்டு குழந்தை, பேங்க்ல வேலை பாக்குற மனைவி... நேரத்த எங்கேர்ந்து எடுக்கறீங்க?

ஓஎம்ஆர்_ஓட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

வயசு 39, பெருங்குடில ஐடி வேலை, வீடு சோழிங்கநல்லூர் பக்கம். கோவா 70.3 (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேந்த ஹாஃப் அயர்ன்மேன் ரேஸ்) முடிச்சிருக்கேன். மிராமர் பீச்ல 1.9 கிலோமீட்டர் நீச்சல், அப்புறம் 90 சைக்கிள், 21 ஓட்டம், எட்டரை மணிநேர கட்டாஃபுக்கு நல்லாவே முன்னாடி வந்துட்டேன். அதுலேர்ந்து ஃபுல் பண்ணணும்னு ஒரு அரிப்பு. 3.8 நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம், மொத்தம் 17 மணிநேரத்துக்குள்ள முடிக்கணும். அடுத்த வருஷ கடைசில மலேசியாவுல லங்காவிக்குப் போலாம்னு யோசனை, இன்னும் ஃபீஸ் கட்டல.

ஆன்லைன்ல ஒரு ட்ரெய்னிங் ப்ளான் வாங்கினேன், அதுல கடைசி ரெண்டு மாசம் வாரத்துக்கு 15, 16 மணிநேரம்னு போட்டிருக்கு. அத என் வாரத்துல எங்க வைக்கறதுன்னே தெரியல. வாரத்துல மூணு நாள் ஆபீஸ் போகணும், ராத்திரி எட்டுலேர்ந்து ஒன்பதரை வரைக்கும் அமெரிக்கா க்ளையன்ட் கால், சில நாள் பத்தரைக்கு மேலயும் இழுக்கும். மனைவி பேங்க்ல இருக்காங்க, ரெண்டாவது நாலாவது சனிக்கிழமை மட்டும் லீவு, மத்த சனிக்கிழமை ப்ராஞ்சுக்குப் போகணும், மாசக் கடைசின்னா அவங்க வர்றதுக்கு எட்டு ஆயிடும். பெரிய பொண்ணு மூணாங்கிளாஸ், ஸ்கூல் வேன் காலைல 7.20. சின்னவனுக்கு மூணு வயசு, அவன் எந்திரிக்கறப்போ பக்கத்துல ஆள் இல்லைன்னா அபார்ட்மென்ட்டே எந்திரிச்சிடும். அம்மா கூட இருக்காங்க ஆனா முழங்கால் வலி, அவங்கள நம்பி ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போறது சரியில்ல.

ஹாஃபுக்கு வாரம் எட்டு மணிநேரம் பண்ணேன், அதுவே வீட்ல கொஞ்சம் முணுமுணுப்போடதான் போச்சு. இப்ப ஃபுல் பத்தி சொன்னதுக்கு "ம்ம், பண்ணுங்க"ன்னு சொன்னாங்க. கல்யாணம் ஆனவங்களுக்கு அந்த "ம்ம்" புரியும்.

இந்த 15 மணிநேரம் நெஜமாவே வேணுமா, குறைச்சு பண்ணி முடிச்சவங்க இருக்கீங்களா, லாங் ரைடு எந்த நாள் வைக்கறீங்க, ஸ்மார்ட் ட்ரெய்னர் (சைக்கிள வீட்லயே மாட்டி மிதிக்கற மெஷின்) வாங்கினா ப்ரயோஜனம் உண்டா, எங்க அபார்ட்மென்ட் பூல் வெறும் 18 மீட்டர் அதுல 3.8க்கு தயாராக முடியுமா... எல்லாத்துக்கும் மேல வீட்ல பேசறது எப்படி, அதையும் சொல்லுங்க.

---

கொங்கு_சக்கரம்:

வாங்க தம்பி. கோயமுத்தூர்லிருந்து எழுதறேனுங்க, ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம், அம்பது தாண்டிருச்சு, ஃபுல் முடிச்சிருக்கேன், ரெண்டு பசங்க காலேஜ் போறாங்க. நான் ட்ரெய்னிங் பண்றப்போ அவங்க டென்த்தும் ப்ளஸ் டூவும், அதனால உங்க கஷ்டம் வேற மாதிரி, இருந்தாலும் கணக்கு ஒண்ணுதானுங்க.

மொதல்ல அந்த 16 மணிநேரத்த மறந்துருங்க. அந்த ப்ளான் எழுதினவங்களுக்கு உங்க வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியாது. நீங்க ஜெயிச்சு மேடை ஏற போறீங்களா, இல்ல 17 மணிநேரத்துக்குள்ள கோட்ட தொட போறீங்களா, அத முடிவு பண்ணிட்டு கணக்குப் போடுங்க. நீச்சல் 100 மீட்டருக்கு ரெண்டரை நிமிஷம்னு மெதுவா போனாலே 3.8 கிலோமீட்டர் 1 மணி 35 நிமிஷத்துல முடிஞ்சிரும், அங்க கட்டாஃப் 2 மணி 20 நிமிஷம். சைக்கிள் மணிக்கு 24 கிலோமீட்டர் வெச்சா ஏழரை மணிநேரம். துணி மாத்த, ஒண்ணுக்குப் போக, எல்லாம் சேத்து 20 நிமிஷம். ஆக 9 மணி 25 நிமிஷம். மிச்சம் 7 மணி 35 நிமிஷம் இருக்குதுங்க மாரத்தானுக்கு, கிலோமீட்டருக்கு பத்தே முக்கால் நிமிஷம் வருது. ஓட்டமும் நடையுமா போனாலே வந்து சேந்துரலாம். வெயிலு, வயித்தக் கலக்கறது, லங்காவி ஏத்தம் இதுக்கெல்லாம் சேத்தி இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சாலும் இடம் இருக்குது.

இதுக்கு ஒம்பது பத்து மணிநேரம் சராசரி போதும், கடைசி ரெண்டு மாசத்துல ஒரு நாலு வாரம் மட்டும் 13 வரைக்கும் ஏத்துங்க. ஆனா அந்த ஒம்பது மணிநேரம் வாரா வாரம் வரணும், அதான் முக்கியம். ஒரு வாரம் 15 பண்ணிப்போட்டு அடுத்த வாரம் கால் புடிச்சிட்டு ரெண்டு மணிநேரம்னு போனா ஒடம்பு எதையும் புடிச்சு வெச்சுக்காது.

நான் வெச்சிருந்தது இப்படி. செவ்வாயும் வியாழனும் காலைல அஞ்சு மணிக்கு ட்ரெய்னர்ல ஏறி ஒரு மணிநேரம், அதுல நடுவுல அழுத்தி மிதிக்கறது, எட்டு நிமிஷம் பத்து நிமிஷமா மூணு நாலு தடவ. ஸ்மார்ட் ட்ரெய்னர் கேட்டீங்களே, வாங்குங்க. சைக்கிள விட அதுதான் குடும்பஸ்தனுக்கு உபயோகம். ரோட்டுல ஒரு மணிநேரம் மிதிக்கணும்னா கெளம்ப 15 நிமிஷம், சிக்னல்ல 10 நிமிஷம், வந்து தொடைக்க 10 நிமிஷம். ட்ரெய்னர்ல ஏறினா ஏறினதுதான். இங்க ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் காத்து அடிக்கறப்போ பொள்ளாச்சி ரோட்டுல சைக்கிள நிமுத்தி புடிக்கறதே வேலையா இருக்கும், நான் அந்த ரெண்டு மாசமும் வெளிய எடுக்கறதே கிடையாது.

புதன் ஓட்டம், திங்களும் வெள்ளியும் நீச்சல், ஞாயித்துக்கெழம நீள ஓட்டம். நீள ஓட்டத்த ரெண்டரை மணிநேரத்துக்கு மேல கொண்டு போகாதீங்க, அதுக்கு மேல போனா கெடைக்கற லாபத்த விட ஒடம்பு தேற ஆகற நாளு ஜாஸ்தி. மத்தபடி பெரும்பகுதி ட்ரெய்னிங் பேசிட்டே போற வேகத்துலதான் இருக்கணும். நம்மாளுங்க எல்லாரும் பண்றது என்னன்னா மெதுவா போக வேண்டிய நாள் பாதி வேகத்துல போயி, வேகமா போக வேண்டிய நாள் கால் வராம அதையும் பாதி வேகத்துல முடிச்சுட்டு வர்றது.

லாங் ரைடு மாசத்துக்கு ரெண்டு போதும். உங்க வீட்டம்மாவுக்கு ரெண்டாவது நாலாவது சனிக்கெழம லீவுன்னு சொன்னீங்கல்ல, அந்த ரெண்டு நாளையும் ரைடுக்கு வெச்சுக்குங்க, கொழந்தைங்கள பாத்துக்க அவங்க வீட்டுல இருப்பாங்க. பிரச்சன தீந்துது.

---

அயர்ன்மேன்_வீட்டுக்காரி:

பிரச்சன தீந்துதா? யாருக்கு அண்ணா?

நான் ட்ரையத்லான் பண்றதில்ல, என் வீட்டுக்காரர் பண்றார், அவரோட ஐடில பாக்கிறத விட சொந்தமா ஒண்ணு வெச்சுக்கலாம்னு இந்த ஐடி. மேல கேள்வி கேட்ட தம்பி, உங்க மனைவி மாசத்துல நாலு சனிக்கிழமைல ரெண்டு நாள் தான் வீட்ல இருக்காங்க. அந்த ரெண்டையும் எடுத்து உங்க சைக்கிளுக்கு வெச்சா அவங்களுக்கு மாசத்துல லீவே இல்ல, ப்ராஞ்சுல கஸ்டமர் கிட்ட நிக்கறதுக்கு பதிலா வீட்ல ரெண்டு குழந்தைங்க கிட்ட நிப்பாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த "ம்ம்" எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா?

இன்னொண்ணு. ஆறு மணிநேர ரைடுன்னு நீங்கல்லாம் சொல்றீங்களே, எந்த வீட்ல அது ஆறு மணிநேரம்? முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கே "நான் சீக்கிரம் படுக்கணும்"னு லைட்ட அணைக்கறது, காலைல மூணரைக்கு மிக்ஸில எதையோ அரைக்கறது, வந்ததும் குளிச்சிட்டு சாப்பிட்டுட்டு ரெண்டு மணிநேரம் பிணம் மாதிரி தூங்கறது, சாயந்திரம் சைக்கிள பால்கனில வெச்சு செயினத் தொடைக்கறது, அதுக்கு நடுவுல ஸ்ட்ராவா ஆப்ல யாரு யாரு லைக் போட்டாங்கன்னு பாக்கறது. ஒரு முழு நாள் போச்சு. அன்னிக்கு நீங்க வீட்ல இருக்கீங்க, ஆனா இல்ல. இதுக்கு ஆபீஸ் போயிருந்தா கூட பரவால்ல, ஆள் இல்லன்னு தெரிஞ்சு நாங்க வேற ப்ளான் போட்ருப்போம்.

எங்க வீட்ல இது சண்டையா ஓடி ஓடி கடைசியா ஒரு மாதிரி படிஞ்ச விதத்த சொல்றேன். அவர் எத்தன மணிநேரம் போறார்ங்கறது எனக்கு பெரிய விஷயமா இல்ல. எத்தன மணிக்கு வருவார்ங்கறதுதான் விஷயம். ஒன்பதரைன்னா ஒன்பதரை, பஞ்சராச்சு, க்ரூப்ல டீ குடிச்சோம், அவன் விழுந்துட்டான் அதெல்லாம் இல்ல. அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி என்னன்னா போற தூரத்த கணக்கு வைக்காம நேரத்த கணக்கு வைக்கறது, பாதி நேரம் ஆச்சுன்னா எங்க இருந்தாலும் திரும்பிடுவார். வந்தா தூக்கம் மத்தியானம் குழந்தை தூங்கறப்போதான், அதுக்கு முன்னாடி இல்ல.

ரெண்டாவது, அவர் எடுக்கற நேரத்துக்கு சமமா எனக்கும் வாரத்துல நேரம் உண்டு, அத நான் என்ன பண்றேன்னு யாரும் கேக்கக்கூடாது. நான் தூங்குவேன், அக்கா வீட்டுக்குப் போவேன், சும்மா உக்காந்திருப்பேன். "நீ என்ன ட்ரெய்னிங் பண்ற"ன்னு ஒரு தடவ கேட்டார், அப்புறம் கேக்கல.

மூணாவது, லாங் ரைடு மாசத்துல ஒண்ணாவது வார நாள்ல வைங்க. லீவு போடுங்க. பொண்ணு ஸ்கூல்ல இருப்பா, மனைவி பேங்க்ல இருப்பாங்க, சின்னவன் ப்ளே ஸ்கூல் போறான்னா மத்தியானம் வரைக்கும் யாரும் உங்கள தேடப் போறதில்ல. எல்லாரும் ரேஸுக்கு மட்டும் லீவு சேத்து வைப்பாங்க, ட்ரெய்னிங்குக்குப் போட மனசு வராது, ஏன்னு எனக்குத் தெரியல.

அப்புறம் காசு. என்ட்ரி ஃபீஸ், சைக்கிள பெட்டில போட்டு ஃப்ளைட்ல ஏத்தறது, ஹோட்டல், இதெல்லாம் முதல்லயே பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. மாசா மாசம் ஒரு பார்சல் வந்து "இது சும்மா ட்யூப்"ன்னு சொல்ற வேலை வேணாம். குடும்பத்தோட லங்காவி கூட்டிட்டுப் போறேன் அது அவங்களுக்கு டூர்னு மட்டும் சொல்லிடாதீங்க. விடியக்காலைல எந்திரிச்சு ரெண்டு குழந்தைகளோட வெயில்ல நின்னு 15 மணிநேரம் ஒரு ஆளு எப்ப வருவார்னு பாக்கறது டூர் இல்ல.

ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுது. 1978ல ஹவாய்ல இந்த ரேஸ ஆரம்பிச்சது ஒரு புருஷன் பொண்டாட்டி, ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ். பதினஞ்சு பேர் ஓட ஆரம்பிச்சு பன்னண்டு பேர் முடிச்சாங்க. ரெண்டு பேரும் சேந்து யோசிச்ச விஷயம், இப்ப பாதி வீட்ல ஒருத்தர் யோசிச்சிட்டு இன்னொருத்தருக்கு காலண்டர் இன்வைட் அனுப்பறீங்க.

---

கொங்கு_சக்கரம்:

அம்மணி சொல்றது நாயமாத்தான் இருக்குது. எங்க வீட்டுல இத படிச்சுப்போட்டு ரொம்ப நேரமா சிரிச்சுட்டு இருக்காங்க, ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. வார நாள் லீவு யோசன நல்ல யோசன தம்பி, அதையே வெச்சுக்குங்க.

---

ஸ்காபரோ_பேஸ்மன்ட்:

வணக்கம், நான் கனடாவில இருக்கிறன், ஸ்காபரோ. இஞ்ச நவம்பர்ல இருந்து ஏப்ரல் மட்டும் வெளியில சைக்கிள் ஓடுறதை நினைச்சும் பாக்கேலாது, அதால என்ர ட்ரெய்னிங் முழுக்க பேஸ்மன்ட்தான். க்யூபெக்கில மோன்ட் ட்ரெம்ப்ளான்ட்ல ஆகஸ்ட் மாசம் நடந்த ஃபுல்லை இப்பிடித்தான் முடிச்சனான். ஆறு மாசம் சுவரைப் பாத்துக்கொண்டு மிதிச்சுத்தான் 180 கிலோமீட்டருக்கு வந்தது, அதால ட்ரெய்னர் உண்மையான ட்ரெய்னிங் இல்லை எண்டு ஆராவது சொன்னா நம்பாதேங்கோ. மூண்டு மணித்தியாலம் நிப்பாட்டாமல் மிதிச்சுப் பாருங்கோ, பள்ளமும் இல்லை, லைட்டும் இல்லை, காலுக்கு ஒரு நொடி ஓய்வு இல்லை.

ஆனா ஃபேன் வேணும், பெரிசா. சென்னையில அது இல்லாமல் மூடின அறைக்குள்ள மிதிச்சா அரை மணித்தியாலத்தில நெஞ்சுத் துடிப்பு தன்ர பாட்டில ஏறும், காலில சக்தி இருக்கும் ஆனா ஓடேலாது. ஓடமுன்னமும் ஓடினபிறகும் நிறையைப் பாருங்கோ, ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நீங்கள் குடிச்ச தண்ணியையும் அதோட கூட்டவேணும். லங்காவி வெக்கைக்கு எவ்வளவு குடிக்கவேணும் எண்டு அப்பதான் விளங்கும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது நித்திரையைப் பற்றி. ஒருத்தரும் இதைக் கதைக்கேல்லை. நான் இரவு ஷிஃப்ட் வேலை. நீங்கள் இரவு பத்தரைக்கு க்ளையன்ட் கோல் முடிச்சுப்போட்டு காலமை நாலரைக்கு எழும்புறது எண்டால் ஆறு மணித்தியால நித்திரை கூட இல்லை. ட்ரெய்னிங்கில உடம்பு முறியும், நித்திரையிலதான் அது திரும்பக் கட்டும். எங்கட வீட்டில ஒரு சட்டம் வச்சிருக்கிறன்: ஆறு மணித்தியாலத்துக்குக் குறைஞ்ச நித்திரை எண்டால் அண்டைக்கு வேகப் பயிற்சி இல்லை, ரோட்டில சைக்கிளும் இல்லை. மெதுவா ஒரு ஓட்டம், இல்லாட்டி ஒண்டும் இல்லை. நித்திரைத் தூக்கத்தோட ஹைவேயில சைக்கிள் ஓடி பிள்ளையளைத் தகப்பன் இல்லாமல் ஆக்கிறதுக்கோ இந்தப் பாடு எல்லாம்?

கோல் இருக்கிற நாளுக்கு அடுத்த நாள் காலமை ஒண்டும் வைக்காதேங்கோ. மத்தியானம் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில 40 நிமிஷம் ஓடலாம், குளிக்க வசதி இருந்தா. கோல்ல நீங்கள் கதைக்கத் தேவையில்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிற நாள் மெல்லமா மிதிச்சுக்கொண்டே கேளுங்கோ. மைக்கை நிப்பாட்டி வையுங்கோ, மறந்தா மூச்சு வாங்கிற சத்தம் க்ளையன்டுக்குக் கேக்கும்.

---

வேளச்சேரி_மீன்:

நான் சென்னைதான், பல் டாக்டர், சொந்த க்ளினிக், பையனுக்கு ஆறு வயசு. ஹாஃப் பண்ணிட்டிருக்கேன், ஃபுல் இப்போதைக்கு இல்ல, ஏன்னு கடைசில சொல்றேன்.

முதல்ல நீச்சல். 18 மீட்டர் பூல்ல முடியும், ஆனா அதுல மட்டும் முடியாது. ஒவ்வொரு 18 மீட்டருக்கும் சுவத்த உதைச்சு தள்றீங்க, அதனால நீங்க நினைக்கற வேகம் உங்க நெஜ வேகம் இல்ல. வாரத்துல ஒரு நாள் சின்ன பூல்ல டெக்னிக், ஒரு நாள் வேளச்சேரி நீச்சல் வளாகம் மாதிரி 50 மீட்டர் பூல்ல நீளமா. உங்க நெஜ வேகம் தெரியணும்னா நல்லா வார்ம் அப் பண்ணிட்டு 400 மீட்டர் முழு வேகத்துல, ஓய்வு எடுத்துட்டு 200 மீட்டர் முழு வேகத்துல அடிங்க, ரெண்டு நேரத்தையும் கழிச்சு ரெண்டால வகுத்தா 100 மீட்டருக்கு நீங்க தாங்கற வேகம் கிடைக்கும், ரேஸ்ல அதைவிட கொஞ்சம் மெதுவா போகணும். அப்புறம் கால் நடுவுல புல் பாய்ங்கற மிதவைய வெச்சே நீந்திப் பழகாதீங்க. லங்காவில தண்ணி சூடு, வெட்சூட் (மிதக்க உதவற ரப்பர் ட்ரெஸ்) போட விடற அளவுக்கு குளிராது, கால மேல தூக்கி விட ஒண்ணும் இருக்காது.

கடல் நீச்சல் கட்டாயம் வேணும், நேரா பாத்து போறதுக்கு தலைய எப்ப தூக்கறதுன்னு பூல்ல வராது. ஆனா தனியா பெசன்ட் நகர்லயோ திருவான்மியூர்லயோ இறங்கிடாதீங்க, நம்ம கரைல இழுவை எவ்வளவு மோசம்னு உங்களுக்கே தெரியும், வருஷா வருஷம் பசங்க போறாங்க. படகோ கயாக்கோ கூட வர்ற குழுவோட மட்டும். ரேஸ் நவம்பர்னா ஐப்பசி மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கடல் நீச்சல முடிச்சிடணும், அதுக்கு மேல நம்ம கடல்ல இறங்க முடியாது. இத இப்பவே காலண்டர்ல குறிச்சுக்கோங்க, கடைசில தேடினா கடல் கிடைக்காது.

40 வயசு வருது, ஈசிஜி, ட்ரெட்மில் டெஸ்ட், சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் ஒரு தடவ பாத்துடுங்க. அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஹார்ட் பிரச்சன உண்டுன்னா கார்டியாலஜிஸ்ட் கிட்ட என்ன பண்ணப் போறீங்கன்னு தெளிவா சொல்லிக் கேளுங்க. "வாக்கிங் போறேன்"னு சொல்லிட்டு வராதீங்க.

சாப்பாடு: ஹாஃப்ல எனர்ஜி ஜெல் நாலஞ்சு பாக்கெட்ல ஓட்டிருப்பீங்க, ஃபுல்ல அது நடக்காது. மணிக்கு 60லேர்ந்து 90 கிராம் கார்போ போகணும், அதுவும் வயித்தப் பழக்கி. அத்தன ஜெல்ல ட்ரெய்னிங்ல தின்னா மாசச் சம்பளம் போயிடும். நான் ட்ரெய்னிங்ல சாதா சர்க்கரை, உப்பு, எலுமிச்சம்பழம், தண்ணி. சர்க்கரைல பாதி குளுக்கோஸ் பாதி ஃப்ரக்டோஸ், ரெண்டும் குடல்ல வேற வேற வழில உள்ள போகும், அதனால குளுக்கோஸ் மட்டும் குடிக்கறத விட ஜாஸ்தி ஏறும். ரைடு ரெண்டு மணிநேரத்த தாண்டினா பாக்கெட்ல வாழப்பழம், நல்லெண்ண தொட்ட மினி இட்லி. பல் டாக்டரா ஒண்ணு சொல்றேன், அவ்வளவு சர்க்கரைத் தண்ணி குடிச்சா நடுநடுவுல வெறும் தண்ணியால வாய கொப்புளிங்க, இந்த ஆட்டத்துல இருக்கறவங்க பல்ல நான் நிறைய பாத்துட்டேன்.

இப்ப நான் ஏன் ஃபுல் பண்ணலன்னு. மேல எல்லாரும் காலைல நாலரை, அஞ்சுன்னு சாதாரணமா எழுதறீங்க. நான் அந்த நேரத்துல ஈசிஆர்ல தனியா சைக்கிள் எடுக்க முடியாது, லாரி மட்டும் பிரச்சன இல்ல, என்னன்னு சொல்லத் தேவையில்லன்னு நினைக்கறேன். க்ரூப்போட போகணும்னா க்ரூப் கிளம்பற நேரம், திரும்பற நேரம் எல்லாம் அவங்க கையில. அப்புறம் நான் எந்த ரேஸ்ல நின்னாலும் யாராவது ஒருத்தர் "பையன யார் பாத்துக்கறாங்க?"ன்னு கேப்பாங்க. என் வீட்டுக்காரரும் ஓடறார், அவர ஒருத்தர் கூட கேட்டதில்ல.

அதனால எங்க வீட்ல ஒரு ஏற்பாடு, ரெண்டு பேரும் ஒரே வருஷம் பெரிய ரேஸ் வைக்கறதில்ல, பையன் கொஞ்சம் பெரியவனா ஆகற வரைக்கும் ஹாஃபுக்கு மேல போறதில்ல. ஹாஃபுக்கு எட்டு ஒன்பது மணிநேரம் போதும், வாழ்க்கை உடையாது. கொங்கு அண்ணா கணக்கு சரிதான், ஆனா அவர் பசங்க அப்ப பெரியவங்க, தானா சாப்பிட்டு தானா படிக்கறவங்க. உங்க சின்னவனுக்கு மூணு வயசு. ஃபுல் எங்கயும் ஓடிப் போயிடாது, 17 மணிநேர கட்டாஃப் நாப்பத்தி ரெண்டு வயசுக்கும் அதே 17 மணிநேரம்தான். இது என் கருத்து, நீங்க எடுத்துக்கலாம் விடலாம்.

---

கொங்கு_சக்கரம்:

டாக்டரம்மா, தள்ளிப்போட்டா தள்ளிக்கிட்டே போகும்ங்க. நான் முப்பத்தஞ்சுல பண்றேன்னு சொல்லி அப்புறம் தொழில், அப்பா ஒடம்புன்னு போயி எப்பவோதான் பண்ணேன். மூணு வயசுப் பையன் அஞ்சு வயசானா டியூஷன், பாட்டு கிளாஸ், ஸ்கேட்டிங்னு அப்பனுக்கு டிரைவர் வேலை இன்னும் ஜாஸ்தி ஆகும். எனக்கென்னமோ இப்பவே நல்ல நேரம்னு படுது.

---

வேளச்சேரி_மீன்:

அப்பா உடம்பு சரியில்லாதப்போ நீங்க தள்ளிப் போட்டீங்கல்ல அண்ணா, அதத்தான் நானும் சொல்றேன். 😊

---

ஓஎம்ஆர்_ஓட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல.

மனைவி கிட்ட ஃபோனயே குடுத்துட்டேன், முழுசா படிச்சாங்க. அயர்ன்மேன் வீட்டுக்காரி அக்கா எழுதினத மட்டும் ரெண்டு தடவ படிச்சிட்டு "இவங்க நம்பர் இருக்கா"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அப்புறம் இதப் பத்தி ஒழுங்கா உக்காந்து பேசினோம். அவங்க சொன்னது: ரெண்டாவது நாலாவது சனிக்கிழமை தொடக்கூடாது. புதன்கிழமை சாயந்திரம் அவங்களுக்கு நீச்சல் கிளாஸ், ரொம்ப வருஷமா கத்துக்கணும்னு இருந்திருக்காங்க, எனக்கு இப்பதான் தெரியுது, அன்னிக்கு குழந்தைங்க சாப்பாடு, ஹோம்வொர்க், தூங்க வைக்கறது எல்லாம் நான், அதனால புதன் மட்டும் க்ளையன்ட் கால வேற ஆள எடுக்கச் சொல்லி மேனேஜர் கிட்ட கேட்டிருக்கேன், பதில் வரல. லாங் ரைடு மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, இன்னொண்ணு ஞாயித்துக்கிழமை, மாமல்லபுரம் வரைக்கும் போயிட்டு ஒன்பதரைக்குள்ள வீடு, எண்பது சொச்சம்தான் வரும், மிச்சத்த ட்ரெய்னர்ல மதியம் குழந்தை தூங்கறப்போ. இது டாக்டர் மேடம் சொன்ன மாதிரி க்ரூப்போட, விடிஞ்ச பிறகு.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஒண்ணு டாக்டர் சொல்லிட்டிருக்கார், சித்திரைக்கு மேலன்னு. அது முடிவாகாம ஃபீஸ் கட்ட வேணாம்னு ரெண்டு பேருக்கும் தோணுது. அதுவரைக்கும் இந்த டைம்டேபிள ஒன்பது மணிநேரத்துல ஓட்டிப் பாக்கறேன், ஆபரேஷன் தேதி வந்துடுச்சுன்னா அடுத்த வருஷமும் கோவாதான், இல்லைன்னா லங்காவி.

ஒரே ஒரு டவுட் மட்டும். ட்ரெய்னர் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம், நாங்க ஆறாவது மாடி, கீழ் வீட்ல ஒரு வயசான தம்பதி, சத்தம் கேக்குமா? பின் சக்கரத்த கழட்டிட்டு மாட்டற டைப்பா, இல்ல டயர் உருளைல உரசற டைப்பா?

---

ஸ்காபரோ_பேஸ்மன்ட்:

சக்கரத்தைக் கழட்டிப் பூட்டுறதுதான் சத்தம் குறைவு. ஆனா கீழ் வீட்டுக்குப் போறது சத்தம் இல்லை, அதிர்வு. தடிச்ச ரப்பர் மேட் போட்டு அதுக்குக் கீழ இன்னொரு ஃபோம் பலகை வையுங்கோ. நடு அறையில வைக்காமல் தூணுக்கோ சுவருக்கோ கிட்ட வையுங்கோ, அங்க தரை அவ்வளவு அதிராது.

---

கொங்கு_சக்கரம்:

வாங்கறதுக்கு முன்னாடி கீழ் வீட்டுல ஒருக்கா போயி சொல்லிப்போட்டு வாங்க தம்பி. காலைல அஞ்சு மணிக்கு மேல மிதிப்பேன், தொந்தரவா இருந்தா ஒரு ஃபோன் போடுங்க நிறுத்திக்கறேன்னு. வயசானவங்க அந்நேரம் எப்படியும் முழிச்சுட்டுத்தான் இருப்பாங்க. ட்ரெய்னர் மேல ஒரு பழைய துண்டப் போடுங்க, வேர்வை உப்பு பட்டா ஹேண்டில்பார் போல்ட்டெல்லாம் துருப்புடிச்சு அப்புறம் கழட்டவே முடியாது.